குறைவாக இருந்தால் நல்லது

உள்ளங்கையில் அடங்கும் கருவி ஒன்றைக் கொடுத்தாள்
நகர மன்றத்தின் பூங்காப் பிரிவிலிருந்து வந்த ஹிலரி என்ட்விசில்.
கட்டைவிரலால் அமுக்கினால் டிக்கென்று ஒன்று கூடும்.
செவ்வாய்க்கிழமை, எட்டிலிருந்து பன்னிரண்டு வரை,
மழை வந்தாலும்.
லங்காஷயரில் மழைக்கு எதற்கு ‘வந்தாலும்’?
போகும்போது குரலைத் தணித்துச் சொன்னாள்:
“குறைவாக இருந்தால் நல்லது.”
ஆள் புழங்காத பூங்காவுக்குத்தான் நிதி கிடைக்குமாம்.

பதினொரு ஏக்கர்.
பருத்தி ஆலை முதலாளி ஒருவர்
தன் ஆட்களின் நுரையீரலுக்காகக் கொடுத்தது.
வாசல் தூணில் அவர் பெயர் இருக்கிறது.
நுரையீரல்களின் பெயர்களுக்குத் தூண் போதாது.

போர்க்காலத்தில் வேலிக் கம்பிகளை
இரும்புக்காக அறுத்துப் போனார்கள்.
குட்டைச் சுவர் நெடுக அவற்றின் அடிக்கட்டைகள்
பிடுங்கத் தவறிய பல்வேர்கள் மாதிரி.
வாயிற்கதவை மட்டும் விட்டுவைத்தார்கள், ஏனென்று தெரியாது.
அன்றிலிருந்து, யார் வேண்டுமானாலும்
சுவரைத் தாண்டி வரக்கூடிய பூங்காவின் கதவை
மாலை ஆறு மணிக்கு ஒருவர் வந்து பூட்டுகிறார்.
இப்போது பூட்டுபவர் ஆல்வின் ராம்ஸ்பாட்டம்.
கேட்டால், “ஒப்பந்தத்தில் இருக்கிறது.”

எட்டேகாலுக்கு ஒரு நாய்.
படிவத்தில் நாய்க்குக் கட்டமில்லை.
வாரின் மறுமுனையில் ஒரு மனிதர் வந்து சேர்ந்தார். டிக்.
இரவுப் பணி முடித்த செவிலி ஒருத்தி
காலணியைக் கழற்றி, ஈரப்புல்லில் பாதங்களை வைத்து,
முட்டை சாண்ட்விச்சைப் பாதி தின்று
மீதியைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். டிக்.
நுஸ்ரத், இசைமேடையைச் சுற்றி இருபது சுற்று,
போனில் யாருடனோ பஞ்சாபியில் சண்டை.
இருபதா, ஒன்றா? ஒன்று என்று முடிவு செய்தேன்.
வற்றிப்போன ஏரியின் களிமண்ணில்
பள்ளிக்குப் போகாத ஐந்து பையன்கள்
தாங்களே மண் குவித்துக் கட்டிய மேட்டிலிருந்து
சைக்கிளோடு காற்றில் எழும்பினார்கள்.
டிக் டிக் டிக் டிக். கீயன் விழுந்து எழுந்த பிறகு, டிக்.

இசைமேடைக்குள் ஸ்பிக்னியெவ், உறைபைக்குள்.
‘உள்ளே வருபவர்’ என்கிறது படிவம்.
அவர் வரவில்லை. இருந்தார்.
விரல் கருவியின் மேலேயே கிடந்தது.

பன்னிரண்டு மணிக்கு நாற்பத்திமூன்று.
ஹிலரி கண்ணாடியைத் துடைத்தாள்.
குறுக்கே கடந்து போனவர்களைக் கழித்தாள்,
மாணவர்களைக் கழித்தாள் (“அவர்கள் பள்ளியில் இருக்கிறார்கள்”),
ஒன்பதில் நிறுத்தினாள்.
நானும் கையெழுத்துப் போட்டேன்.
பணம் வந்தது.

நூலகத்தின் மேல்மாடியில் கூட்டம்.
இசைமேடைக்குக் கூரை, சரி. கழிப்பறை, கைதட்டல்.
ஏரிக்குத் தண்ணீர், சரி.
கீயனின் மேட்டைப் பற்றி யாரும் பேசவில்லை, நானும்.
பிறகு வேலி: பழைய வரைபடப்படி,
ஈட்டிமுனையோடு, நானூறு மீட்டர்.
கைகள் உயரத் தொடங்கியபோது
கடைசி வரிசையில் ஆல்வின் எழுந்தார்.
“வேலி போட்டால்
நான் நிஜமாகவே பூட்ட வேண்டி வரும்” என்றார்.
யாரோ சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.
நுஸ்ரத் உயர்த்திய கையை இறக்கினாள்.
பிறகு ஒவ்வொன்றாக.

மே மாதம் ஏரியில் நீர் ஏறியது.
ஈயத்தகடு மாதிரி, மேகத்தை வாங்கிக்கொண்டு.
திறப்பு விழாவில் கேக் இருந்தது, பித்தளை வாத்தியம் இருந்தது,
கரையில் கீயன் சிநேகிதியிடம் கை நீட்டிக் காட்டினான்:
அதோ, அந்த வாத்துக்குக் கீழே, அங்கேதான் நான் பறந்தது.

இசைமேடைக்குப் புதுத் தரை. ஸ்பிக்னியெவ் இல்லை.
பேருந்து நிலையப் பக்கம் பார்த்ததாக
செவிலி சொன்னாள், உறுதியாகத் தெரியாதாம்.

கருவியை நான் இன்னும் திருப்பித் தரவில்லை.
அன்று அறுநூற்றுச் சொச்சம் பேர்,
ஹிலரி ஒருவரையும் கழிக்கவில்லை.
ஆறு மணிக்கு ஆல்வின் கதவைப் பூட்டிவிட்டு
சாவியைப் பையில் போட்டு
சுவரைத் தாண்டி உள்ளே வந்தார்,
மிச்சமிருந்த கேக்குக்கு.
டிக்.